தேவையில்லாத பாயிண்டு

படகின் ஜி.பி.எஸ். பெட்டி விழித்துக்கொண்டது, ஆனால் அது கஸ்பாருக்குப் பழக்கமான பெட்டியாக இல்லை. கரையின் மஞ்சள் நிறம் மாறியிருந்தது, கடல் வெளிறிப்போன நீலமாகக் கிடந்தது, எழுத்தெல்லாம் பெரிசாகி யாரோ செவிடனிடம் பேசுகிற மாதிரி இருந்தது. ஒரு கையால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு மறு கையால் படத்தைச் சுருக்கினான், விரித்தான், மறுபடியும் சுருக்கினான். மீன் கிடக்கிற கடலடிப் பாறை நடுப்பார் இருந்தது. பழைய கப்பல் மூழ்கிக் கிடக்கிற இடம் இருந்தது. போன பங்குனியில் சீலா மீன் அள்ளிக்கொண்டு வந்த மேடு இருந்தது. அந்த ஆளை மட்டும் காணோம். அலைக்கு நடுவில் ஒரு கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற அந்தச் சின்னப் படம், ஒரு வருசமாகத் தொழிலுக்குப் போகும்போதெல்லாம் திரையில் முதலில் அவன் கண் போய் நிற்கிற இடம், அங்கே இப்போது வெறும் நீலம்தான் இருந்தது. பெட்டி இன்னும் முழுதாகத் திறக்கவில்லை போல, கொஞ்சம் பொறுத்தால் வந்துவிடும் என்று நினைத்தான். பொறுத்தான். தூண்டில் வளைவுக் கல்லைத் தாண்டிப் படகு ஆழத்துக்கு வந்துவிட்டது, கொண்டல் காற்று லேசாக முகத்தில் அடித்தது, மழை விட்ட வானம் கழுவி வைத்த மாதிரி கிடந்தது, எல்லாம் வந்தது, அந்த ஆள் வரவில்லை. முன்பக்கம் மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள் அவன் தங்கச்சி செலஸ்டி. மடியில் பூப் பொட்டலம், கூடவே மெழுகுவத்திக் கட்டு, கடல்காற்றில் மெழுகுவத்தி எப்படி நிற்கும் என்று வீட்டிலேயே கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. இன்றைக்குக் கல்லறைத் திருநாள். ஊரே கல்லறைத் தோட்டத்தில் சிலுவைக்குச் சுண்ணாம்பு அடித்து, புல் பிடுங்கி, பூ வைத்து, சாயங்காலம் சாமியார் வந்து தீர்த்தம் தெளிப்பதற்காகக் காத்திருக்கும். செலஸ்டிக்கு வெள்ளையடிக்கச் சிலுவை கிடையாது. அவள் புருசன் லிட்வின் போன வருசம் இதே படகிலிருந்துதான் விழுந்தான், உடம்பு கிடைக்கவே இல்லை. அதற்காகத்தான் கஸ்பார் வாயைக் கொடுத்தான். போன ஞாயிற்றுக்கிழமை, சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, ஏதோ பெரிய மனுசன் மாதிரி, "அந்த எடம் பெட்டியில அப்பிடியே இருக்கு பிள்ள. நான் கூட்டிட்டுப் போறேன்" என்று சொன்னான்.

இன்னும் கரைக்கு அருகில்தான் இருந்தார்கள், போனில் டவர் எடுத்தது. படகுக்காரர் ரெமிஜியுஸைக் கூப்பிட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுத்தபோது பின்னால் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது.

"அண்ணாச்சி, பெட்டியக் கடையில குடுத்தீங்களா?"

"ஆமா, மெதுவாத் தொறக்குதுன்னு நீதான சொன்ன. எல்லாம் புதுசா ஏத்திக் குடுத்திருக்கான். எப்பிடி, பளிச்சுன்னு இருக்கா?"

"லிட்வின் விழுந்த எடத்தக் காணோம் அண்ணாச்சி. நான் அடிச்சு வச்சிருந்தேன்லா, அது."

"ஓ, அதா. கடைக்காரன் எதெது வேணும்னு கேட்டான். பார் எல்லாம் இருக்கட்டும், கப்பல் கெடக்குறது இருக்கட்டும், தேவையில்லாத பாயிண்ட எடுத்துருன்னு சொன்னேன். அது என்ன மீன் கெடக்குற எடமா? புதுசா ஏறுறவன் எல்லாம் இது யாரு, இது யாருன்னு கேக்கான். தொழில் நடக்குற படகுல அது எதுக்கு கஸ்பாரு? நல்லதுக்குத்தான் சொல்லுதேன். பாத்துப் போயிட்டு வா, கல்லற மந்திரிப்புக்கு முந்தி வந்துருங்க."

வைத்துவிட்டார். செலஸ்டி திரும்பிப் பார்த்து, "யாருண்ணே?" என்று சத்தமாகக் கேட்டாள். "அண்ணாச்சி. சும்மா" என்றான்.

சும்மாவா? தேவையில்லாத பாயிண்டு. அவனுக்குக் காதுக்குப் பின்னால் சூடாக ஏறியது. தேவையில்லாததாம். எவனுக்குத் தேவையில்லை, உமக்கா, கடையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு இதை வை அதை எடு என்று, கத்திரிக்காய் பொறுக்குகிற மாதிரி, சொத்தையைத் தூர எடுத்துப் போடு என்று. அந்தக் கடைக்காரனாவது கேட்டிருக்க வேண்டாமா, இது வேறு மாதிரிப் படமாக இருக்கிறதே, ஆள் படம் போட்டிருக்கிறதே, இது யார் என்று. கேட்டிருப்பான். கேட்டிருப்பான், இவர் கையை ஆட்டியிருப்பார். அந்தக் கையாட்டல் கஸ்பாருக்குத் தெரியும், ஈயை ஓட்டுகிற மாதிரி இரண்டு விரல். பத்துப் பேருக்குச் சோறு போடுகிற படகாம், எந்நேரமும் இந்தப் பேச்சுதான், சோறு போடுகிற படகில் சாவுக்கு இடம் கிடையாது. நடுப்பாரை வைத்துக்கொள்ளத் தெரிகிறதே, நடுப்பாரை யார் காட்டியது? லிட்வின்தான் முதலில் அங்கே வலை விடச் சொன்னான், அவன் சொன்ன இடம் வேண்டும், அவன் போன இடம் வேண்டாம். நல்லதுக்குத்தான் சொல்லுதேன். அந்த வார்த்தை பல்லில் சிக்கின மீன் முள் மாதிரி நின்றது, நாக்கு போய்ப் போய் அதையே தொட்டது. யாருடைய நல்லது? நல்லது யாருக்கு? என்ன நல்லது அது? பெட்டியைப் பார்த்தான். வெளிறிய நீலத்தில் அவன் படகு ஒரு கறுப்பு முக்கோணமாக நகர்ந்துகொண்டிருந்தது, எங்கே போகிறாய் என்று அதுவும் கேட்கவில்லை.

இந்தப் பெட்டியையும் நம்பினானே, அதை நினைத்தால்தான் இன்னும் எரிந்தது. பயிற்சி வகுப்பில் ஒருத்தர் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு நின்று சொன்னார், ஆள் விழுந்தால் யோசிக்காதீர்கள், கத்தாதீர்கள், முதலில் இந்தப் பட்டனை அழுத்துங்கள், மற்றதை அது பார்த்துக்கொள்ளும். அழுத்தினானே. பின்பக்கம் நின்ற கூட்டாளி ஜெரோம் "ஆளு போச்சு! ஆளு போச்சு!" என்று கத்தினபோது அவன் கை சுக்கானுக்குப் போகும் முன் பட்டனுக்குத்தான் போனது, விரல் நடுங்கக்கூட இல்லை, வெயில் நன்றாக ஏறியிருந்தது, மழையில்லை, மப்பு இல்லை, எல்லாம் தெளிவாகத் தெரிகிற காலைப்பொழுது, கண்ணைக் கட்டின மாதிரி இருந்தது என்று சொல்லித் தப்பிக்கக்கூட வழியில்லாத வெளிச்சம். படகைத் திருப்பினான். அம்புக்குறி வழி காட்டியது, தூரம் குறைந்துகொண்டே வந்தது, இந்தா வந்துட்டேன் மச்சான், இந்தா வந்துட்டேன் என்று சொல்லிக்கொண்டே வந்தான், பிறகு பெட்டி சந்தோசமாகப் பீப் பீப் என்று கத்தியது, வந்து சேர்ந்தாயிற்றாம். எங்கே வந்து சேர்ந்தது? யாரிடம் வந்து சேர்ந்தது? சுற்றிலும் தண்ணீர். ஜெரோம் படகு முனையில், அணியத்தில் நின்று கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு பார்க்கிறான், இவன் பெட்டியைப் பார்க்கிறான், பெட்டியில் அந்தச் சின்ன ஆள் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான், படகின் முக்கோணம் அவன்மேலேயே ஏறி நிற்கிறது, தண்ணீரில் மட்டும் ஆள் இல்லை. பெட்டிக்குக் கடல் ஓடும் என்று தெரியாது. நீவாடு என்கிற நீரோட்டம் அடியில் இழுத்துக்கொண்டு போனதை அது எண்ணவில்லை, பட்டன் அழுத்தின இடத்தை ஆணி அடித்து வைத்துக்கொண்டு, வந்துட்ட வந்துட்ட என்று கூவியது. அந்தச் சத்தத்தை நிறுத்தத் தெரியாமல், எல்லாப் பட்டனையும் அழுத்தி, கடைசியில் உள்ளங்கையால் பெட்டியை அறைந்தது இப்போதும் கையில் இருக்கிறது. சாயங்காலம் வரை தேடினார்கள், ஊர்ப் படகெல்லாம் வந்தது. எல்லாம் சரியாகத்தான் செய்தான். தப்பு செய்திருந்தால்கூடப் பிடித்துக்கொள்ள ஒன்று இருந்திருக்கும். அதற்கப்புறம் ஆபீசில் எழுதினார்கள், காணாமல் போனவர் என்று. சந்தைக்குப் போன இடத்தில் கூட்டத்தில் தொலைந்தவனா அவன்? திருவிழாவில் விரல் விட்டுப் போன பிள்ளையா? காணாமல் போனவர், கையெழுத்துப் போடுங்க. அன்றைக்கும் இதே மாதிரிக் காதுக்குப் பின்னால் சூடு. ஆள் இல்லை, சவம் இல்லை, சவப்பெட்டி இல்லை, குழி இல்லை, ஊர் கும்பிடுகிற கல்லறை இல்லை, இருந்தது அந்தச் சின்னப் படம் ஒன்றுதான், அதற்குப் பக்கத்தில் போகும்போதெல்லாம் இஞ்சினைக் குறைத்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு போவான், ஏன் குறைக்கிறீர் என்று கேட்டவனுக்குப் பதில் சொன்னதில்லை. அதைத்தான் எடுத்து வெளியே போட்டுவிட்டார்கள்.

சரி, எடுத்தால் என்ன, மனசில் இல்லையா? நடுப்பாருக்கு இடது கைப் பக்கம். எவ்வளவு இடது? ஒரு தடவை சும்மா பெருவிரலை வைத்துப் பார்த்திருக்கிறான், நடுப்பாருக்கும் அந்த ஆளுக்கும் நடுவில் சரியாக ஒரு பெருவிரல் அகலம். இப்போதும் பெருவிரலைக் கொண்டுபோய்த் திரையில் வைத்தான். ஆனால் படத்தை எவ்வளவு சுருக்கி வைத்திருந்தபோது ஒரு பெருவிரல்? ஒரு தட்டுத் தட்டினால் பெருவிரலுக்கு அடியில் ஒரு மைல், இன்னொரு தட்டுத் தட்டினால் இலங்கையே வந்துவிடும் போலிருக்கிறது. எண் இருந்ததே, அடியில் எண் எழுதியிருக்குமே, அதைப் படித்திருக்கிறான், எத்தனையோ தடவை படித்திருக்கிறான், படிக்கிறபோது பாடமாகிவிட்டது என்றே நினைத்திருந்தான், இப்போது தேடினால் முதல் இரண்டு எண்ணுக்கு மேல் வாயில் வரவில்லை. எழுதி வைக்கவில்லை, பெட்டியில்தான் இருக்கிறதே என்று. லிட்வினின் முகமும் இப்படித்தான் ஆகிவிடுமோ, போட்டோவில்தான் இருக்கிறதே என்று விட்டுவிட்டு, ஒரு நாள் தேடினால் முதல் இரண்டு வரிக்கு மேல் வராமல். மீசை தெரிகிறது. மீசைக்கு மேலே? சீ. முன்னால் செலஸ்டி இடது கையால் படகோரத்துப் புதுக் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள், படகு குதிக்கும்போதெல்லாம் அவள் பிடி இறுகியது, நீலப் பெயிண்ட் அடித்த கம்பி, அணியத்திலிருந்து பின்பக்கம் வரைக்கும் ஓடுகிறது. அவளிடம் சொல்லாமலேயே விட்டுவிடலாம். நடுப்பாருக்கு இப்புறம் எங்கேயாவது இஞ்சினை நிறுத்தி, இதுதான் பிள்ள அந்த எடம் என்று சொன்னால் முடிந்தது. அவளுக்கு எப்படித் தெரியும், கடலில் கோடா கிழித்திருக்கிறது, எல்லாம் ஒரே தண்ணீர்தானே. அவள் ஜெபம் சொல்வாள், பூப் போடுவாள், அழுவாள், அழுது முடித்தால் மனசு ஆறிப்போகும். நல்லதுக்குத்தான். அந்த வார்த்தை தன் வாய்க்குள்ளேயே வந்துவிட்டதைக் கண்டு கஸ்பாருக்குத் திக்கென்றது. அதே வார்த்தை, அதே இழுவை, அதே ஆள் மாதிரி. அவளுக்குத் தேவையானது எது தேவையில்லாதது எது என்று இவனும் இப்போது கையை ஆட்டப் போகிறான். ஆனால் சொன்னால்? சொன்னால் இரண்டாம் தடவையும் அவள் புருசனைத் தொலைத்துவிட்டேன் என்று சொல்கிற மாதிரிதானே. முதல் தடவை சொல்லப் போனபோது அவள் வாசலில் மாவு சலித்துக்கொண்டிருந்தாள், இவன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சலிப்பதை நிறுத்தவே இல்லை, சொல்லி முடிக்கிற வரைக்கும் சலித்துக்கொண்டே இருந்தாள். அந்தச் சத்தம் வேண்டாம். அந்தச் சத்தம் மறுபடி வேண்டாம். ஓட்டு, இன்னும் கொஞ்சம் ஓட்டு, நடுப்பார் வரட்டும், அதற்குள் எண் வந்துவிடும். நடுப்பார் வந்தது, எண் வரவில்லை. தண்ணீர் நிறம் மாறிப் பச்சையாகி மறுபடியும் கறுத்தது. சுக்கானை இடப்பக்கம் திருப்பினான், நேராக்கினான், மறுபடி திருப்பினான், திரையில் அவன் வந்த வழி குடித்தவன் நடந்த மாதிரி வளைந்து வளைந்து விழுந்தது, அதைப் பார்க்க அவனுக்கே வெட்கமாக இருந்தது. பட்டென்று இஞ்சினை நிறுத்திவிட்டான்.

சத்தம் நின்றதும் கடல் பெரிசாகிவிட்டது. செலஸ்டி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். "இதானாண்ணே?"

"தெரியல பிள்ள" என்றான். நினைத்ததை விடச் சுலபமாக வந்துவிட்டது. "பெட்டியில இருந்தத அண்ணாச்சி அழிக்கச் சொல்லிட்டாரு. தேவையில்லாத பாயிண்டாம். நானும் நெதானத்துல வந்துருலாம்னு பாத்தேன், முடியல. இங்கனதான் எங்கேயோ. பொய் சொல்லத் தெரியாம நிக்கல, பொய்யச் சொல்லிருவேனோன்னு பயந்துதான் நிப்பாட்டிட்டேன்."

அழுவாள் என்று எதிர்பார்த்துக் கீழே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கம்பியைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்து, அவனுக்கு எதிரில் வலைக் குவியல்மேல் உட்கார்ந்தாள்.

"எனக்கு அந்த எடம் எதுக்குண்ணே? அவுக அங்கயா இருக்காவ?" என்றாள். "நான் அதுக்கு வரல. வீட்டுல அத்தை இருக்காவ, பிள்ளைக இருக்கு, ஒன்கிட்டத் தனியா ஒரு வார்த்த கேக்க எடமே இல்ல. அதுக்குத்தான் வந்தேன்."

"என்ன வார்த்த?"

"அன்னைக்கு அவுக குடிச்சிருந்தாவளா?"

கஸ்பாருக்கு முதலில் கேள்வியே விளங்கவில்லை. வேறு யாரையோ கேட்கிறாள் என்று நினைத்தான். "எவன் சொன்னான்?"

"நீ மொதல்ல சொல்லு."

"காலைல கட்டங்காப்பி குடிச்சான். ஒன் கையால போட்டுக் குடுத்த காப்பி, தூக்குல கொண்டாந்தது. என் கண்ணு முன்னாலதான் குடிச்சான். அது தவிர ஒரு சொட்டு கெடையாது. எவன் சொன்னான் செலஸ்டி?"

அவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு மூச்சு விட்டாள், நீளமாக, ஒரு வருசத்து மூச்சு மாதிரி. "ஊரே சொல்லுது. ஒனக்குத்தான் தெரியாது, ஒன் முன்னால பேச மாட்டாவ. பெரியவன் பள்ளிக்கூடத்துல சண்ட போட்டு மூக்க ஒடச்சிட்டு வந்தானே, எதுக்குன்னு நெனச்ச? ஒங்கப்பா குடிச்சிட்டு விழுந்தவன்னு எவனோ சொல்லிருக்கான். அண்ணாச்சி வீட்டம்மா தண்ணிக் கொழாய்ல வச்சு என் காதுபடச் சொன்னாவ, போட்டுக்கிட்டு நின்னா கடல் விடுமான்னு. நானும் ராத்திரி பூரா யோசிப்பேன். அண்ணன் ஏன் ஒண்ணும் பேச மாட்டேங்கான், அப்ப நெசந்தானோ, எனக்காக மறைக்கானோன்னு."

குடிச்சிட்டு. லிட்வின் குடிச்சிட்டு. அப்போது அவள் கை கம்பிமேல் இருப்பதை மறுபடி பார்த்தான், அந்த நீலக் கம்பி, போன வருசம் வைத்த கம்பி, அதற்கு முன்னால் அந்த இடத்தில் இருந்தது துருப்பிடித்து ஒரு முனை கழன்று கயிற்றால் கட்டி வைத்திருந்த கம்பி, மாத்துங்க அண்ணாச்சி, மாத்துங்க அண்ணாச்சி என்று அவன் சொல்லிச் சொல்லி, பாப்பம் பாப்பம் என்று அந்த இரண்டு விரல் ஆட்டல். லிட்வின் மிதவையை எறியும்போது அதன்மேல்தான் இடுப்பைச் சாய்த்தான். கம்பி போனது, ஆளும் போனான். அடுத்த வாரமே புதுக் கம்பி வந்தது, பெயிண்ட் காயும் முன் ஊருக்குள் வேறொரு கதையும் கிளம்பியிருக்கிறது. முதலில் கம்பி, பிறகு பேச்சு, இப்போது பெட்டியில் இருந்த படம். ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே வந்திருக்கிறார் மனுசன், பாத்திரம் கழுவுகிற மாதிரி. இவன் காலையிலிருந்து ஒரு படத்துக்காகக் கொதித்துக்கொண்டு வந்தானே, அந்தப் படம் கிடக்கட்டும், அது பெட்டியில் இருந்தது, பெட்டியோடு போனது. இந்தப் பேச்சு செலஸ்டியின் தூக்கத்தில் இருந்திருக்கிறது, அவள் பிள்ளையின் மூக்கில் இருந்திருக்கிறது. இவன் அதே ஆளுக்கு அண்ணாச்சி அண்ணாச்சி என்று மீன் பிடித்துக் கொடுத்திருக்கிறான்.

"கம்பி" என்றான். "கம்பி ஒடஞ்சிருந்தது செலஸ்டி. அதுலதான் சாஞ்சான்." சொல்லச் சொல்ல அவள் முகம் மாறுவதைப் பார்த்தான், அழுகை இல்லை அது, அவன் முகம் காலையிலிருந்து எப்படி இருந்ததோ அப்படி.

அவள் பொட்டலத்தைப் பிரித்து, எழுந்து நிற்கக்கூட இல்லை, உட்கார்ந்தபடியே பூவைக் கைக்கு வந்தபடி அள்ளித் தண்ணீரில் போட்டாள். "போகட்டும்ணே, திருப்பு" என்றாள். மெழுகுவத்தியைப் பற்ற வைக்கவில்லை. அவன் பெட்டியை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை, கோயில் கோபுரம் தெரிந்தது, அதைப் பார்த்தே ஓட்டிக்கொண்டு வந்தான், இஞ்சினை முழுக்கத் திறந்துவிட்டு.

துறையில் கூட்டம் இருந்தது. கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற பாதை துறையை ஒட்டித்தான் போகிறது, பூவும் பத்தியுமாக ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ரெமிஜியுஸ் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் சாமந்தி மாலையோடு படகைப் பார்த்து நின்றார். கயிற்றை வாங்கக் கை நீட்டினார். "என்ன கஸ்பாரு, பெட்டி நல்லா வேல செய்யுதா?"

கஸ்பார் கயிற்றைத் தானே கட்டினான். செலஸ்டியைக் கை பிடித்து இறக்கினான். பிறகு அவர் போகிற வழியை அடைத்துக்கொண்டு நின்றான்.

"லிட்வின் அன்னைக்குக் குடிச்சிருந்தானா?"

"யாரு சொன்னா?" என்றார் அவர். கண் கூட்டத்தின் பக்கம் போய் வந்தது.

"ஒங்க வீட்டுல சொன்னாவ" என்றாள் செலஸ்டி. "ஒங்க வாயில வராம அவுகளுக்கு எங்க இருந்து வந்துச்சி?"

"நல்ல நாளும் அதுவுமா ஏம்மா இதெல்லாம். நாலு பேரு போற பாத. எல்லாரும் கல்லறைக்குப் போற நேரம், அப்பறமா வீட்டுப் பக்கம் வாங்க, உக்காந்து பேசுவோம்."

"எங்களுக்குப் போக கல்லறை இல்ல" என்றான் கஸ்பார். "எங்களுக்கு நேரம் கெடக்கு. நீரு சொல்லிட்டுப் போம்."

'அண்ணாச்சி' போய் 'நீரு' வந்ததை கஸ்பாரும் ரெமிஜியுஸும் இரண்டு பேருமே கேட்டார்கள். பாதையில் போனவர்களில் ஒருத்தர் நின்றார், அவர் நிற்க இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். ரெமிஜியுஸ் இடப்பக்கம் விலகிப் போகப் பார்த்தார், கஸ்பாரும் விலகினான். நாளையிலிருந்து இந்தப் படகில் அவனுக்கு வேலை இருக்காது, அது அவனுக்குத் தெரிந்தது, தெரிந்ததும் உள்ளே என்னவோ இளகி லேசாகிவிட்டது. அவர் மாலையைக் கை மாற்றிப் பிடித்தார். மணலைப் பார்த்துக்கொண்டு உதட்டுக்குள்ளேயே ஏதோ சொன்னார்.

"கேக்கல" என்றாள் செலஸ்டி.

இப்போது பாதையே நின்றுகொண்டிருந்தது, கையில் பூவோடு.

"குடிக்கல" என்றார் ரெமிஜியுஸ், இந்தத் தடவை எல்லாருக்கும் கேட்டது. "லிட்வின் அன்னைக்குக் குடிக்கல. போதுமா?"

"கம்பியையும் சொல்லும்" என்றான் கஸ்பார்.